படுத்துப்பார் கடை முதலாளி

ஊருக்கே மெத்தை விற்ற வீட்டில் ஒருத்தி தூக்கம் வராமல் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறாள் என்றால், கேட்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மெத்தைக்கடை முதலாளி காலமாகி ஒரு மாதம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து அவர் மனைவிக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. படுப்பாள், புரளுவாள், எழுந்து உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி படுப்பாள். காலையில் கண் இரண்டும் உள்ளே போய், முகம் சுருங்கி, அடுப்படியில் வந்து நிற்பாள். கேட்டால் "தூங்கினேனே" என்பாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. சொல்லும்போதே கொட்டாவி வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கடையை இப்போது மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். அப்பா இருக்கும்போதே பல வருஷமாக அவர் பக்கத்திலேயே நின்று வியாபாரம் செய்தவள். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. பாதி வருஷம் கடலில் ஆடிக்கொண்டே தூங்கிப் பழகியவர் என்பதால் மெத்தையைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் கிடையாது. மெத்தைக்கடை வீட்டுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

அம்மாவின் தூக்கம் போன விஷயம் பெரிய நகரத்தில் இருக்கும் அண்ணனுக்கு எட்டியது. அவன் நல்லவன்தான். ஆனால் எதையும் ஒரே போனில் முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

"ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன். அம்மா இனிமே என்கூடவே இருக்கட்டும். இங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க. அந்த வீட்டுல இருந்தா அவங்களுக்கு அப்பா ஞாபகமாவேதான் இருக்கும்."

அண்ணன் வீடு ஒன்பதாவது மாடி. போன தடவை அம்மா அங்கே போனபோது இரண்டாம் நாளே பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. இப்போது கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். யாரிடமும் எதையும் வேண்டாம் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. பேசாமல் காரில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், அங்கே போய்ப் பேசாமல் கருகிப்போவாள். அது நடக்கக் கூடாது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மா தூங்க வேண்டும். மகளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். மெத்தையை மாற்றினாள்.

அப்பா புத்தி அப்படியே இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. அப்பாவாக இருந்தால் முதலில் ஆளை உட்காரவைத்து என்ன ஏது என்று விசாரித்திருப்பார்.

அந்த மனுஷரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கடைக்கு வெளியே பெரிய பலகையில் ஏதோ ஒரு பேர் எழுதியிருக்கிறது. பெயின்டருக்குக் கூலி கொடுத்ததுதான் மிச்சம், ஒருத்தரும் அதைப் படித்ததில்லை. ஊரில் அது படுத்துப்பார் கடை. அவர் படுத்துப்பார் முதலாளி. உள்ளே நுழைகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லும் முதல் வார்த்தை "படுத்துப் பாருங்க" என்பதுதான். தெருவைப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே வரிசையாக ஐந்து கட்டில், ஐந்து விதமான மெத்தை. ஸ்பிரிங், ஃபோம், ரப்பர், பஞ்சு, கடைசியாக முதுகுவலிக்காரர்களுக்குப் பலகை மாதிரி ஒன்று. பின்பக்கம் உறை தைக்கிற மெஷின், அதற்குப் பின்னால் அந்த மெஷின் வந்த நாளிலிருந்து அதை விட்டு எழுந்திருக்காத தையல்காரர்.

கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்கிறவர்களைக் கண்டால் முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கையிலயா தூங்கப் போறீங்க? செருப்பக் கழட்டிட்டு ஏறிப் படுங்க சார். வெக்கப்படாதீங்க. இங்க கலெக்டரே படுத்திருக்காரு."

எந்தக் கலெக்டரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. படுத்தவர் கண்ணை மூட வேண்டும். அவர் கண்ணைத் திறக்கிறவரை முதலாளி பேசமாட்டார். நாள் முழுக்க வாய் ஓயாத மனுஷர் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். புருஷன் மட்டும் தனியாக வந்தால் வியாபாரமே கிடையாது, வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு பேரும் வந்தால் அவரை ஒரு ஓரத்திலும் அந்த அம்மாளை இன்னொரு ஓரத்திலும் படுக்கவைத்து, "உருளுங்க சார், வீட்டுல உருளுற மாதிரி நல்லா உருளுங்க" என்பார். அவர் கூச்சத்தோடு உருள, முதலாளி அந்த அம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் சுளித்தால் அடுத்த கட்டில். சிலரைப் படுக்கவிடாமல் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மெத்தை மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. மொதல்ல உங்க தம்பிகூடப் பேசுங்க, ராசியாகுங்க. அப்பறமும் தூக்கம் வரலைன்னா வாங்க" என்று அனுப்பியும் விடுவார். இப்படி ஒரு வியாபாரி பிழைத்ததே அதிசயம். ஆனால் அனுப்பப்பட்டவர்கள் போய் நாலு பேரிடம் சொல்ல, அந்த நாலு பேரும் மெத்தை வாங்க வந்தார்கள்.

ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் படுத்துப்பார்க்க வந்த கதை அந்தத் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். அவர் பேரைச் சொன்னாலே பையன்கள் நடுங்குவார்கள். பள்ளிக்கூடம் விட்ட கையோடு வந்தவர், மெத்தையை ஒரு விரலால் தொட்டார். முதலாளி விடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னார். ஹெட்மாஸ்டருக்கு என்ன அலுப்போ, படுத்த மறுநிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. முகப்புக் கண்ணாடிக்கு வெளியே முதலில் ஒரு பையன் நின்றான். பிறகு பள்ளிக்கூடமே நின்றது. சத்தம் போட்டால் எழுந்துவிடுவாரோ என்று அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்களாம். முதலாளி ஒரு போர்வையை எடுத்துக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"சார் யோசிச்சிட்டு இருக்காரு. போங்கடா!"

மறுநாள் வகுப்பில் கணக்குத் தெரியாமல் விழித்தவன் எல்லாம் "யோசிச்சிட்டு இருக்கேன் சார்" என்று கண்ணை மூடினான். ஹெட்மாஸ்டர் ஒரு வாரம் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்கப்புறம் வந்து ரப்பர் மெத்தை வாங்கிக்கொண்டு போனார், அதுவும் வீட்டம்மாவோடு.

இவ்வளவு தூக்கம் விற்ற மனுஷர் வாழ்க்கையை ஆரம்பித்தது தூக்கத்தை வாடகைக்கு விட்டு. இளவட்டமாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டில் தலையணை வாடகைக்குக் கொடுத்தார். ராத்திரிப் பயணம் போகிறவர்கள் பஸ் வரும்வரை பெஞ்சில் படுத்திருப்பார்கள் அல்லவா, அவர்களுக்கு. நல்ல யோசனைதான். ஆனால் தூங்குகிறவனை எழுப்ப இவருக்கு மனசு வராது. பஸ் வந்ததும் அவன் பதறி எழுந்து, பெட்டியைப் பிடித்து, பிள்ளையைப் பிடித்து, தலையணையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவான். இவர் பின்னாலேயே ஓடுவார். ஒரு தடவை தலையணைக்காகப் பஸ்ஸில் ஏறி, அது கிளம்பிவிட, அடுத்த ஊரில்தான் இறங்க முடிந்தது. இறங்கியது ஒரு லாட்ஜ் வாசலில். இவர் கையில் இருந்த தலையணையைப் பார்த்து லாட்ஜ்காரர் என்ன விலை என்று கேட்டார். வாடகைத் தொழிலை அன்றோடு விட்டுவிட்டுத் தலையணை விற்பவராகத் திரும்பி வந்தார். தலையணை வளர்ந்து மெத்தை ஆனது.

கல்யாணமும் தொழில் வழியாகத்தான். உறை தைக்கிற கோடு போட்ட துணியை ஒரு துணிக்கடையில் எடுப்பார். ஒரு கஜம் வாங்க வந்தால் ஒரு மணி நேரம் பேசுவார். துணிக்கடைக்காரருக்கு ஒரு மகள் இருந்தாள். கத்தரியை எடு என்றால் எடுப்பாள், மடி என்றால் மடிப்பாள், வாயே திறக்கமாட்டாள். அவள் இருக்கிற நேரமாகப் பார்த்து இவர் வருவதையும், முன்பைவிட இரண்டு மடங்கு பேசுவதையும் அப்பன்காரர் கவனித்தார். பெண்ணைக் கொடுத்துவிட்டாலாவது கடைக்கு வந்து கழுத்தை அறுப்பதை நிறுத்துவான் என்று கணக்குப் போட்டார். தப்புக் கணக்கு. மாப்பிள்ளை ஆனபிறகு உட்கார நாற்காலியும் கிடைத்துவிட்டது.

பேசுகிறவரும் பேசாதவளுமாக அந்தக் குடித்தனம் நன்றாகவே நடந்தது. சண்டை போட இரண்டு பேர் வேண்டுமே. கடைசியில் நெஞ்சில் என்னவோ என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அவர் வாய் அடங்கவில்லை. "இந்த மெத்தையில படுத்தா நோயே இல்லாதவனுக்கும் நோய் வரும்" என்று நர்சிடம் வாதாடி, மகளுக்குப் போன் பண்ணி, தனக்கு ஒன்றும் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒன்றுமாக இரண்டு ஃபோம் வரவழைத்தார். பக்கத்துக் கட்டில்காரர் குணமாகி நடந்தே வீட்டுக்குப் போனார். இவருக்கு அது வாய்க்கவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்த அன்று கடைத்தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை. துணிக்கடைக்காரர்களும் பாத்திரக்கடைக்காரர்களும் அழுததைவிட அவர் ஜோக்கைச் சொல்லிச் சிரித்ததுதான் அதிகம். சிரித்துவிட்டு அழுதார்கள். அம்மா மட்டும் இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது மெத்தை மாற்றுகிற படலத்துக்கு வருவோம். திங்கட்கிழமை ஸ்பிரிங் மெத்தை போனது. மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், மாடிப்படியில் வளைத்து நெளித்து ஏற்றியது கடையின் வண்டிக்காரன். முதலாளியோடு வாயாடி வாயாடி அவருடைய பேச்சில் பாதி இவனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மகள் ஓடிவந்து கேட்டாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஊஞ்சல்ல படுத்த மாதிரி இருந்துச்சு."

ஊஞ்சலில் எப்படித் தூங்குவது! அதை இறக்கி ஃபோமை ஏற்றினார்கள். "நல்லாத்தான் இருக்கு. உள்ள இழுக்குது" என்றாள். ரப்பர் போனது. "நல்லாத்தான் இருக்கு. என்னைத் தள்ளிவிடுது" என்றாள். எல்லாம் நல்லாத்தான் இருந்தது, தூக்கம் ஒன்றைத் தவிர. பஞ்சு மெத்தையைத் தையல்காரர் புதுசாகத் தைத்துக் கொடுத்தார். அதில் படுத்து, விடியும்வரை தெருவில் எத்தனை நாய் குரைத்தது என்று அம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள் இந்த ஊர்வலத்தைப் பார்க்கவே காலையில் வாசலுக்கு வந்து நின்றார்கள். படுத்துப்பார் பெண்டாட்டிக்கே தூக்கம் இல்லையாம் என்று பேச்சு பரவியது. மகளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா அலமாரியைத் திறந்து, ஒரு பையில் நாலு புடவையை மடித்து வைத்ததை அவள் கதவோரத்தில் நின்று பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, பஞ்சு மெத்தையை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரன் படிக்கட்டின் நடுவில் அதை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கடையையே இங்க தூக்கிட்டு வர்றதுக்குப் பதிலா, அம்மாவ வண்டியில உக்காரவச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிடலாமே. எனக்கும் இடுப்பு மிஞ்சும்."

மகள் முறைத்தாள். பிறகு யோசித்தாள். அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. அப்பா ஊரையே படுத்துப் பார்க்கச் சொன்னார், அம்மாவைச் சொன்னதில்லை. அம்மா கடைக்கு வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம், வந்தாலும் வாசலோடு சரி.

சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்துவது வழக்கம். அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டு, விளக்கை அணைத்தாள் மகள். மின்விசிறி சுற்றியது. பின்பக்கம் தையல்காரர் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு உறையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஐந்து கட்டிலிலும் வரிசையாகப் படுத்துப் பார்த்தாள், மகள் சொல்கிறாளே என்பதற்காக. ஒவ்வொன்றிலும் புடவையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை வயிற்றில் வைத்து, கண்ணை மூடினாள். மகள் அப்பாவைப் போலவே பேசாமல் காத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான்டி இருக்கு."

மகளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, கட்டிலடியில் தரையில் பொத்தென்று உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"நாளைக்கு அண்ணன் வந்துடுவான்மா. நீயும் பையக் கட்டி வச்சுட்ட. உனக்கு என்னதான் வேணும்? ஒரு தடவையாவது வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். மகள் தலையில் கைவைத்தாள். அவளுக்கு வாயைத் திறப்பது என்பது துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பது மாதிரி.

"மெத்தையில ஒண்ணுமில்லடி. சத்தம் இல்ல. அதான்."

"என்ன சத்தம்?"

"உங்கப்பா சத்தந்தான். மத்தியானமானாலும் சரி, ராத்திரியானாலும் சரி, படுத்தவுடனே ஆரம்பிச்சுடுவாரு. இன்னைக்கு யாரு வந்தாங்க, யாரு படுத்தாங்க, என்ன சொன்னாங்கன்னு. நானும் கடைக்கு வர்றேன்னு ஒருநாள் கேட்டேன். நீ வந்துட்டா நான் வீட்டுக்கு வந்து யாருக்குச் சொல்றதுன்னாரு. ம் ம்னு கேட்டுட்டே இருப்பேன். அப்படியே தூங்கிடுவேன். கல்யாணமான நாள்லருந்து அப்படித்தான். இப்பப் படுத்தா காதுக்குள்ள வெறிச்சுனு இருக்கு."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

"ஒரு கதைக்கும் முடிவு தெரியாது எனக்கு. தூங்கிட்டேன்னு சொன்னா வருத்தப்படுவாரேன்னு மறுநாள் கேக்கவும் மாட்டேன். வெளியில யாரையாவது கேக்கலாம்னா, உங்களுக்குத் தெரியாததான்னு சிரிக்கிறாங்க." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்த வக்கீல் என்னடி ஆனாரு?"

"எந்த வக்கீல்?"

"படுக்க வந்தாரே, கோட்டைக் கழட்டி மடிச்சு, டையைத் தளர்த்தி, காலுறையைக் கழட்டி ஷூவுக்குள்ள வச்சு... அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். நடுவுல நான் முழிச்சுப் பாக்குறேன், பக்கத்துல உங்கப்பாவக் காணோம். சட்டைகூட ஆணியிலயே தொங்குது!"

கண்ணில் நீரை வைத்துக்கொண்டே மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்தக் கதை தெரியாத ஒரு ஆள் இந்த ஊரில் இருக்க முடியுமா! அதுவும் சொந்த வீட்டில்!

"ஐயோ அம்மா! வக்கீல் இந்தக் கட்டில்லதான் தூங்கிட்டாரு. அன்னைக்குத் தையல்காரரும் வரல. அப்பா அத மறந்துட்டு ஷட்டர இறக்கிப் பூட்டிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்துட்டாரு. சாப்பிட்டுப் படுத்து உனக்கு அந்தக் கதையத்தான் சொல்லிட்டு இருந்திருக்காரு. வக்கீல் வந்தாரு, கோட்டக் கழட்டுனாரு, படுத்தாரு, கண்ண மூடுனாருன்னு சொல்லிட்டே வந்து, அப்பறம் என்ன ஆச்சுன்னு யோசிச்சா, அப்பறம் ஒண்ணுமே ஆகல! அந்த ஆளு எந்திரிச்சே போகல! பனியனோட ஓடி வந்து ஷட்டரத் தூக்கறாரு, வக்கீல் இன்னும் குறட்டை விட்டுட்டு இருக்காரு. மூணு மணிக்குக் கோர்ட்டுல கேசு. மணி நாலு!"

"அடப்பாவமே! அப்பறம்?"

"வக்கீல் குதிகுதின்னு குதிச்சாராம். உள்ள தள்ளாம விடமாட்டேன்னாராம். கோர்ட்டுக்கு ஓடிப் போய்ப் பாத்தா அன்னைக்கு ஜட்ஜு லீவு. கேசு தானா தள்ளிப்போச்சு. சாயங்காலமே திரும்பி வந்து, படுத்திருந்த அதே மெத்தைய வாங்கிட்டுப் போயிட்டாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப அந்தப் புருஷனும் பொண்டாட்டியும்? அவருக்குக் கெட்டியா வேணும், அவளுக்கு மெத்துனு வேணும்னு சண்டை போட்டாங்களே? ஒரே மெத்தையில ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரி வச்சுத் தச்சுக் குடுக்கறேன்னு இவரு சொன்னது வரைக்கும் தெரியும்."

"தச்சுக் குடுத்தாங்க, பக்கத்த மாத்தி! அவரு பக்கம் மெத்துனு இருக்கு, அந்தம்மா பக்கம் கல்லு மாதிரி இருக்கு. மெத்தையத் தூக்கிட்டு ரெண்டு பேரும் கடை வாசல்ல வந்து நின்னு கத்தறாங்க. அப்பாவும் தையல்காரரும் பிரிச்சுத் தைக்கலாமா, புதுசா தைக்கலாமான்னு மத்தியானம் பூரா மண்டையப் பிச்சுக்கறாங்க. வண்டிக்காரன் வந்து பாத்துட்டு, ஏன், தலைமாட்டக் கால்மாட்டாத் திருப்பிப் போட்டா ஆச்சுன்னான்!"

பின்பக்கத்திலிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார்.

"பாப்பா, அது என் தப்பில்ல. எழுதி வச்ச முதலாளி கட்டிலுக்கு எந்தப் பக்கம் நின்னு எழுதுனாருன்னு அவருக்கே தெரியல."

மகளுக்கே தலை நரைத்துவிட்டாலும் தையல்காரருக்கு அவள் இன்றும் பாப்பாதான். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது மகள் அம்மாவைப் பார்த்தாள். கண் பளபளவென்று இருந்தது. இப்படி விழித்துக்கொண்டிருப்பவளை எப்படித் தூங்கவைப்பது? கடை திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகளின் முகம் மறுபடி வாடியது.

தையல்காரர் ஊசியை உறையில் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தார். மெஷினை விட்டு அவர் எழுந்து வந்ததே ஒரு செய்திதான்.

"கதைய இப்படிச் சொன்னா எப்படிப் பாப்பா தூக்கம் வரும்? முதலாளி இப்படிச் சொல்லமாட்டாரு." அம்மா பக்கம் திரும்பினார். "அவருக்குத் தெரியும்மா, நீங்க தூங்கிட்டேதான் ம் போடுறீங்கன்னு. காலையில வந்து எங்கிட்ட சொல்லுவாரு. நேத்து காலுறை வரைக்கும்தான்யா தாங்குனா, பாவம் அலுப்பு, அப்படிம்பாரு. அதுக்குத்தான் காலுறைய ஷூவுக்குள்ள வச்சது, கோட்ட மடிச்சதுன்னு முன்னாடியே இழுக்கறது. ருசியான இடத்துக்குச் சீக்கிரம் போயிட்டா அவ முழிச்சுக்குவாய்யா, வேலை செஞ்சு அலுத்தவ, தூங்கட்டும்னு சொல்லுவாரு. முடிவ மறுநாள் எங்களுக்குச் சொல்லிடுவாரு. அதான் ஊருக்கே தெரியும்."

அம்மா தையல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தவள், ஏமாந்தது தான்தான் என்று தெரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவர் உடம்பை எடுத்த அன்றுகூட வராத கண்ணீர். மகள் துடைக்கப் போனாள். அம்மா அவள் கையை விலக்கிவிட்டு, தானே முந்தானையால் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த தலையணையைத் தட்டிப்போட்டுப் படுத்தாள். அது எந்த மெத்தை என்று யாரும் கவனிக்கவில்லை.

"நீ சொல்லு. இன்னைக்குக் கடையில என்ன நடந்துச்சு?"

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"காலையில வந்து கடையத் திறந்தேன்மா. ஷட்டரு கொஞ்சம் இறுகிக்கிச்சு. எண்ணெய் போடணும்."

"ம்."

"வண்டிக்காரன் இன்னும் வரல. நானே தொடப்பத்த எடுத்து வாசலப் பெருக்கினேன். அப்பறம் கண்ணாடியத் தொடச்சேன். கீழ் மூலையில ஒரு கறை. ஈரத் துணியில தொடச்சேன், போகல. காஞ்ச துணியில தொடச்சேன்."

"ம்."

"அப்பறம் ஒரு அம்மா வந்தாங்க. வயசானவங்க. கூட யாரும் இல்ல. கையில ஒரு கொடை, ஒரு பை. கொடைய மடக்கினாங்க. பட்டன் மாட்டறதுக்கு வரல. நான் மாட்டிக் குடுத்தேன். பைய எங்க வைக்கறதுன்னு பாத்தாங்க. நாற்காலியில வச்சாங்க. அப்பறம் நாற்காலி வேண்டாம்னு மேசையில வச்சாங்க..."

அந்த வயதான அம்மாள் செருப்பைக் கழற்றுவதற்குள் இங்கே மூச்சு சீராகிவிட்டது. வயிற்றில் இருந்த கை நழுவி மெத்தையில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்தது. அடித்துப்போட்ட தூக்கம். தையல்காரர் கால் சத்தம் கேட்காமல் பின்பக்கம் போனார். ஷட்டரைத் தூக்க வந்த வண்டிக்காரன் குனிந்து உள்ளே பார்த்தான், தையல்காரர் விரலை உதட்டில் வைத்தார். அவன் அப்படியே வெளியில் திரும்பி, வந்து நின்ற வாடிக்கைக்காரர்களிடம் கடை இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறக்கும் என்று ரகசியக் குரலில் சொல்ல ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வரட்டும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். கார் காலியாகத்தான் திரும்பும் என்று மகள் நினைத்துக்கொண்டாள். எழுந்து போயிருக்கலாம். கதை கேட்கத்தான் ஆள் இல்லையே. ஆனால் ஆரம்பித்ததை அப்படியே விட்டுவிட்டு எழ அவளுக்கு மனசு வரவில்லை. அப்பாவும் இப்படித்தான், அம்மா தூங்கியபிறகு இருட்டில் முடிவுவரை சொல்லிக்கொண்டு படுத்திருந்திருப்பாரோ என்று தோன்றியது. குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, காலையிலிருந்து ஒருவரிடமும் சொல்லாததை அம்மாவுக்குச் சொன்னாள்.

"அந்த அம்மா வெளியூரும்மா. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நம்மகிட்ட வாங்கினவங்க. அவங்களுக்கு விஷயம் தெரியல. படுத்துப் பாத்தாங்க, புடிச்சுது. எந்திரிச்சு நாலு பக்கமும் பாத்துட்டு, எங்க, முதலாளியக் காணோமேன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்காருன்னு சொல்லிட்டேன்மா."

அம்மா தூக்கத்திலேயே "ம்" என்றாள்.